இழுவை இல்லை என்று ஒரு புகார்

"வண்டி இழுக்கலீங்க." இந்தத் தொழிலில் உங்களுக்கு அடிக்கடி வரப்போகும் புகார் இதுதான். ஸ்டார்ட் ஆகாத வண்டியைக்கூட நான் பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அது நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும். பேட்டரியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் ஓரிடத்தில் பிடிபட்டுவிடும். இழுக்காத வண்டி அப்படியில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் போய் நிற்கும்போது ஒழுங்காக ஓடும். உங்கள் தலை மறைந்ததும் படுத்துக்கொள்ளும்.

டீசல் எஞ்சினைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

முதலிபாளையத்தைத் தாண்டி ஒரு விறகு டிப்போ. நடத்துபவர் சரஸ்வதி அம்மா. அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்தையும் லாரிகளையும் கவனித்துக்கொள்வார், டிப்போ முழுக்க இந்த அம்மாவின் பொறுப்பு. வீரபாண்டிப் பக்கம் உள்ள சில சாயப்பட்டறைகளின் பாய்லர்களுக்கு இங்கிருந்துதான் விறகு போகும். துணிக்குச் சாயம் ஏற்றும்போது நீராவி ஒரே சீராக வர வேண்டும். நடுவில் இறங்கினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து, அந்த லாட் துணி முழுவதும் வீணாகிவிடும். அதனால் விறகு தாமதமானால் பட்டறைக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள்.

லாரியில் வருவது சின்ன விறகு இல்லை. தைல மரமும் சீமைக்கருவேலமும் முழுக் கட்டைகளாக வரும், டிப்போவின் அறுவை மெஷினில் அறுத்த பிறகு டிராக்டரில் பட்டறைக்குப் போகும். அவற்றை இறக்குவதற்கு ஒரு பழைய வண்டி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் மண் அள்ளிய வண்டி. முன்னால் இருந்த பக்கெட்டைக் கழற்றிவிட்டு, நண்டின் கொடுக்குபோல இரண்டு இரும்புக் கைகளை மாட்டியிருந்தார்கள். அந்தக் கொடுக்கு ஒரே பிடியில் ஐந்தாறு கட்டைகளைக் கவ்வித் தூக்கிவிடும். அதை ஓட்டியவர் கந்தசாமி. ஐம்பதைக் கடந்தவர், அவிநாசிப் பக்கம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார்.

எனக்குப் போன் வருவதற்கு முன்பே இரண்டு மெக்கானிக்குகள் அந்த வண்டியைப் பார்த்துவிட்டார்கள். முதலில் வந்தவர் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். அடுத்து வந்தவர் டீசல் பம்ப்பையே கழற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து மாட்டிக் கொடுத்திருந்தார். இரண்டுமே தப்பான வேலை இல்லை. ஆனால் வண்டி முன்போலத்தான் இருந்தது.

நான் போனதும் சரஸ்வதி அம்மா எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கே இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். வண்டி இழுக்கவில்லை என்றால் அவரவருக்கு அதில் என்ன அர்த்தம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லாரியை இறக்க முன்னைவிட நேரமாகிறது, அதுதான் இழுக்கவில்லை என்கிறேன் என்றார் அம்மா. கந்தசாமி, காலையில் நன்றாகத்தான் இருக்கிறது, சூடு ஏறிய பிறகு பெரிய கட்டையைத் தூக்கினால் எஞ்சின் அமுங்கிப்போகிறது என்றார். லாரி மேல் ஏறிச் சங்கிலி கழற்றுகிற ஆள் பிர்ஜு, ஜார்கண்டிலிருந்து வந்தவன். இருபத்தைந்து வயது இருக்கும். அவனுக்குத் தெரிந்த தமிழில் ஒரே வார்த்தை சொன்னான்: "புகை." என்ன நிறம் என்று கேட்டதும் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினான்.

மூன்று பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது பாதி வேலை முடிந்துவிட்டது. டீசல் போதாமல் எஞ்சின் அமுங்கினால் கறுப்புப் புகை வராது. கறுப்புப் புகை வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டர் புதியது. அப்படியானால் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஏதோ இருக்க வேண்டும். அதுவும் சூடு ஏறிய பிறகு மட்டும்.

வண்டியை நிறுத்திப் பார்த்தால் தெரியாது என்று தோன்றியது. கந்தசாமியை வழக்கம்போல வேலை செய்யச் சொல்லிவிட்டு எதிரே கட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பஞ்சு பறந்து வந்து ரேடியேட்டர் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை அதுதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் சூடு காட்டும் முள் ஒழுங்கான இடத்தில் நின்றது. அம்மாவுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்த மாதிரி நேரத்தில் எதையாவது கழற்ற வேண்டும் என்று கை துடிக்கும். எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் மரியாதையாக இருக்கும்போலத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மதியம் நெருங்கும்போது சத்தம் மாறியது. கந்தசாமி ஒரு பெரிய கட்டையைத் தூக்கினார். எஞ்சின் தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது. புகை கறுத்தது. கட்டையைத் தரையில் இறக்கி வைக்கச் சொல்லி, கொடுக்கைத் தரையில் ஊன்றியபடியே எஞ்சினுக்குச் சுமை கொடுக்கச் சொன்னேன். பிறகுதான் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், உறிஞ்சிய காகிதக் குழல்போல நசுங்கி ஒட்டிக்கிடந்தது. வருஷக்கணக்கில் எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர். குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கும், சூடு ஏறியதும் தளர்ந்து, எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு உள்வாங்கிவிடும். எஞ்சினை அணைக்கச் சொன்னேன். என் கண் முன்னாலேயே ஹோஸ் மெல்ல உப்பிப் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. முதலில் வந்த இரண்டு பேரும் வண்டியை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது நல்ல ஹோஸாகத்தான் தெரிந்திருக்கும்.

உள்ளே கம்பிச்சுருள் வைத்த புது ஹோஸ் வாங்கி மாட்டினேன். மாலை வரை தரையில் கிடந்த கட்டைகளைத் தூக்கி ஓட்டிப் பார்த்தோம். புகை இல்லை. எஞ்சின் அமுங்கவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். கந்தசாமி மட்டும் அதிகம் பேசவில்லை. பேசாத ஆள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஹோஸைப் பற்றிய கதை. அதற்காக உங்களை உட்கார வைத்திருக்க மாட்டேன்.

அந்த வாரமே சரஸ்வதி அம்மா கூப்பிட்டார். குரலில் பழைய மரியாதை இருந்தது, ஆனால் கொஞ்சம் இறுகியிருந்தது. "அண்ணாச்சி, நீங்க வந்துட்டுப் போனதுக்கும் வராததுக்கும் வித்தியாசம் இல்லீங்களே. கந்தசாமி அண்ணன் இன்னும் இழுக்கலைங்கறாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது டிப்போவில் இரண்டு லாரிகள் இறக்காமல் நின்றுகொண்டிருந்தன. சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய டிராக்டர் காலியாக நின்றது. அங்கே ஒரு பெரிய லாட்டுக்குச் சாயம் ஏறிக்கொண்டிருக்கிறது, பாய்லர் பக்கத்தில் விறகு குறைந்துகொண்டு வருகிறது என்று அம்மாவுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. நான் பையை இறக்கி வைப்பதற்குள் அவர் ஒரு யோசனை சொன்னார். பம்ப் சரிபார்த்துக் கொடுத்த ஆளிடம் போனில் பேசியிருக்கிறார். பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருகிவிட்டால் டீசல் கூடுதலாகப் போகும், இழுவை தானாக வரும் என்று அந்த ஆள் சொன்னாராம்.

"அதெத் திருகி உட்டுருங்க அண்ணாச்சி. இன்னைக்குப் பொழுது ஓடுனாப் போதும்."

நீங்களும் இதைக் கேட்பீர்கள். அந்த ஸ்க்ரூவைத் திருகினால் கொஞ்ச நாளைக்கு வண்டி இழுப்பதுபோலத்தான் தெரியும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் பிஸ்டன் போகும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கோளாறு என்னவென்று தெரியாமலே அதன் மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுகிறோம். கொஞ்ச நேரம் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

புது ஹோஸ் விறைப்பாக இருந்தது. ஃபில்டர் சுத்தம். டீசல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நானே வண்டியில் ஏறினேன். ஆக்ஸிலரேட்டர் லீவரை முழுதாகத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே பருமனான ஒரு கட்டையைக் கவ்வித் தூக்கினேன். எஞ்சின் முணுமுணுக்கக்கூட இல்லை. இறங்கி வந்து கந்தசாமியை ஓட்டச் சொன்னேன். லாரியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். வண்டி திணறியது. அடுத்த பிடியும் அப்படியே. வண்டி ஒன்று, கட்டையும் ஏறக்குறைய ஒரே எடை. ஓட்டும் ஆள் மட்டும் வேறு.

பக்கத்தில் நின்றிருந்த லாரி டிரைவர் சிரித்துக்கொண்டு, ஆளை மாத்துங்க அண்ணாச்சி, வண்டி சரியாகிவிடும் என்றார். கந்தசாமிக்கு அது கேட்டிருக்கும். தலையைத் திருப்பவில்லை.

மறுபடி கட்டை மேல் உட்கார்ந்தேன். இந்தத் தடவை புகையைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கவனித்தேன். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு சீரான சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒரு சமயம் இருந்தது, ஒரு சமயம் இறங்கியது. பெரிய கட்டைக்கு இறங்கி, சின்னக் கட்டைக்கு ஏறினால் புரிந்துகொள்ளலாம். இது அப்படியும் இல்லை. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் பிர்ஜு தண்ணீர் குடிக்கப் போனான். அவன் அந்தப் பக்கம் இருந்த நேரம் முழுக்க எஞ்சின் முழுச் சத்தத்தில் ஓடியது. கந்தசாமி இரண்டு பெரிய பிடிகளை அநாயாசமாக எடுத்து வைத்தார். பிர்ஜு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து லாரி மேல் கால் வைத்தான். சத்தம் இறங்கியது.

எழுந்து வண்டிப் பக்கமாகப் போய் கேபினைப் பார்த்தேன். கந்தசாமியின் வலது கை கொடுக்கை இயக்கும் லீவரில் இருந்தது. பிர்ஜு கொடுக்குக்கு அருகே வரும்போதெல்லாம் இடது கை தானாகப் போய் ஆக்ஸிலரேட்டரைப் பின்னால் இழுத்தது. அது அவருக்கே தெரிந்து நடந்ததா என்று எனக்குச் சந்தேகம். எஞ்சினுக்கு மூச்சு கொடுக்காமல் தூக்கச் சொன்னால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கோளாறு பிடிபட்டுவிட்டது. முதலாளியம்மா போனும் கையுமாக வருகிறார். என்ன ஆச்சுங்க என்று கேட்கிறார். ஓட்டுகிற ஆள்தான் ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கிறார் என்று நான் சொன்னால் அது பொய் இல்லை. நான் செய்த வேலைக்கு வந்த கெட்ட பேரும் போய்விடும். அதோடு அந்த மனுஷரின் வேலையும் போயிருக்கும். எதற்காக அவர் கை அப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாமலே எல்லாம் முடிந்திருக்கும். வண்டி படுக்கிறது என்று மட்டும் தெரிந்து, ஹோஸைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றுவது எப்படியோ அப்படித்தான் அதுவும்.

"வண்டியிலெ ஒண்ணும் இல்லம்மா. நான் அவருகிட்டெ ஒரு விஷயம் கேக்கணும். அஞ்சு நிமிஷம் வண்டி நிக்கட்டும்" என்றேன்.

நிற்க நேரம் இல்லை என்றார். நியாயம்தான். ஆனாலும் நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் அணைந்ததும் டிப்போ திடீரென்று அமைதியாகிவிட்டது. கந்தசாமியைக் கூட்டிக்கொண்டு அறுவை மெஷினுக்குப் பின்னால் போனேன்.

எதையும் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் வந்தால் கை ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கிறதே, ஏன் என்று கேட்டேன். இல்லீங்களே என்றுதான் முதலில் சொன்னார். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

ஹோஸ் மாற்றுவதற்கு முன்னால் நடந்தது. ஒருநாள் மதியம் ஒரு பெரிய பிடியைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். பாதியில் எஞ்சின் அமுங்கிவிட்டது. அணையப்போகிறது என்ற பதற்றத்தில் கொடுக்கின் லீவரைத் தளர்த்தியிருக்கிறார். கொடுக்கு திறந்து ஒரு கட்டை நழுவி விழுந்தது. கீழே பிர்ஜு சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எதற்கோ ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவன் நின்ற இடத்தில் கட்டை விழுந்தது. அவன் மேல் மண் மட்டும்தான் தெறித்தது. பையன் மேலே பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தானாம். வேறு யாரும் பார்க்கவில்லை. கந்தசாமியும் யாரிடமும் சொல்லவில்லை.

"அது வண்டி உட்டுதா, எங்கை உட்டுதான்னு எனக்கே தெரியலீங்க அண்ணாச்சி. நீங்க வந்து ஹோஸ் மாத்துனீங்க. வண்டி சரியாயிருச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா அந்தப் பையன் கீழ வந்தான்னா எங்கை முன்னால போகமாட்டீங்குது. அம்மா கேட்டாங்க. என்னன்னு சொல்றதுங்க? வண்டி இழுக்கலைன்னு சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கீழே ஆள் நிற்கும்போது தலைக்கு மேல் ஒரு டன் கட்டையைத் தூக்குகிற கை கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். அவரை அவசரப்படுத்தியவர்களுக்குத்தான் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் அதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்லிப் பயன் இல்லை. வெளியே இரண்டு லாரி நிற்கிறது. அந்தப் பக்கம் பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது. பயப்படாதீங்க என்று தோளைத் தட்டி அவரை அப்படியே மறுபடி வண்டியில் ஏற்றுவது ஒரு வழி. அதை நான் விரும்பவில்லை. அந்த மனநிலையில் ஏறுகிற கை இன்னொரு தடவை தவறினால், ஏற்றிவிட்டவன் நான்தான்.

நான் ஓட்டுகிறேன், நீங்கள் கீழே நின்று ஆளைப் பாருங்கள் என்றேன். யாரும் கொடுக்குக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் விலகினதும் நீங்கள் கையைத் தூக்கினால்தான் நான் தூக்குவேன். அதற்குச் சரி என்றார். அம்மாவிடம், வண்டியை நானே ஓட்டிப் பார்க்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எது நடந்தாலும் டிராக்டர் நிறைந்தால் சரி என்ற நிலையில் அவர் இருந்தார்.

நான் மெக்கானிக். எந்த வண்டியையும் முன்னால் பின்னால் ஓட்டுவேன், தூக்கி இறக்கிப் பார்ப்பேன். ஆனால் அதையே தொழிலாக ஓட்டுவது வேறு விஷயம் என்று ஏறிய பிறகுதான் உறைத்தது. கந்தசாமி கீழே நின்று பிர்ஜுவை லாரிக்கு முன்பக்கம் போகச் சொன்னார். டிரைவரை நகர்த்தினார். சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். நான் ஒரு பிடி எடுத்தேன். மூன்று கட்டைதான் வந்தது, அதிலும் ஒன்று குறுக்கே நின்றது. அறுவை மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன் என்று சொல்வதைவிடப் போட்டேன் என்று சொல்லலாம். ஏற்கெனவே கந்தசாமி அடுக்கி வைத்திருந்த அட்டியில் எல்லாக் கட்டைகளின் அடிப்பக்கமும் ஒரே திசையில் இருந்தது. என்னுடையவை குச்சி ஐஸ் குச்சிகளைக் கொட்டியதுபோலக் கிடந்தன.

இரண்டாவது பிடியில் லாரியின் பக்கப் பலகையை இடித்துவிட்டேன். டிரைவர் கத்தினார். அந்தச் சிரிப்பு இப்போது அவர் முகத்தில் இல்லை. மூன்றாவது பிடி கொஞ்சம் தேவலை. நாலாவதை எடுக்கப்போகும்போது கந்தசாமி கையைத் தூக்கவில்லை. காத்திருந்தேன். அவர் என் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிர்ஜுவிடம் ஏதோ சொல்லி அவனைத் தன் இடத்தில் நிறுத்தினார். எல்லோரும் தள்ளி நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டிக்கு வந்து படியில் கால் வைத்தார்.

"எறங்குங்க அண்ணாச்சி. இப்படி அடுக்குனா மிசினுக்கு எப்படிங்க தள்றது?"

எனக்கு அதில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. இறங்கினேன். அவர் உட்கார்ந்ததும் உடனே தூக்கவில்லை. கீழே பிர்ஜு இருக்கும் இடத்தைப் பார்த்தார். அவன் லாரியை விட்டு நன்றாக விலகி, எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்தி நின்றான். கந்தசாமி ஆக்ஸிலரேட்டர் லீவரை முன்னால் தள்ளினார். முதல் பிடிக்கு முழுதாகத் தள்ளவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. அதன் பிறகு நான் கவனிப்பதை விட்டுவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த கையைக் கழுவப் போனேன். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது. நான் கொட்டிவிட்டுப் போன கட்டைகளை அவர் முதலில் நேராக்கிக்கொண்டிருந்தார்.

டிராக்டர் நிறைந்து சாயப்பட்டறைக்குக் கிளம்பியது. இரண்டாவது லாரிக்குப் போகும் முன்னால் எல்லோருக்கும் டீ வந்தது. சரஸ்வதி அம்மா என்னிடம் வந்து, வண்டிக்கு என்னதான் வியாதி என்று கேட்டார். கந்தசாமி பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியில் இருந்த வியாதி அன்றைக்கே போய்விட்டது, மீதியைச் சொல்ல வேண்டியது நான் இல்லை என்றேன். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். கந்தசாமி சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவ்வளவு யோசிக்க நேரமும் இல்லை.

கந்தசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார். கட்டை நழுவியது, பிர்ஜு தப்பியது, தன் கை முன்னால் போகாதது, வண்டி மேல் பழி போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபப்படப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது, ஆனால் நான் நினைத்த பக்கம் வரவில்லை.

"அன்னைக்கே ஏனுங்ணா எங்கிட்டச் சொல்லலை? அவனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அவங்க ஊட்டுல நான் எந்த மூஞ்சியெ வெச்சுட்டுப் பேசறது?"

அம்மா பிர்ஜுவைக் கூப்பிட்டார். கட்டை உன் பக்கத்தில் விழுந்ததாமே, நீ ஏன்டா சிரித்தாய் என்று கேட்டார். அவனுக்கு முழுதாகப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கந்தசாமியை ஒருதரம் பார்த்தான்.

"பயம் மேடம். அண்ணா மேல பாக்குது. நான் அழுதா அண்ணா வண்டி ஓட்டாது. அதான் சிரிச்சது."

கந்தசாமி போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். திரும்பி வரும்போது பிர்ஜுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டிப் பக்கம் போனார்.

அம்மா அங்கே கிடந்த பழைய எண்ணெய் டிரம்களை உருட்டச் சொல்லி, கொடுக்கு சுற்றும் தூரத்துக்கு வெளியே வரிசையாக நிறுத்த வைத்தார். எந்த டிரம்முக்கு உள்ளே யாரும் போகக் கூடாது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவரே நடந்து காட்டினார். லாரி டிரைவரையும் விடவில்லை. அப்போது சாயப்பட்டறையிலிருந்து மறுபடி போன் வந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"டிராக்டர் கெளம்பிருச்சுங்க. அடுத்த லோடு கொஞ்சம் லேட்டாத்தான் வருமுங்க. இனிமே எப்பவும் அப்படித்தான், நீங்க முன்னாடியே சொல்லி வெச்சுக்குங்க. இல்லீங்க, வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. வண்டி நல்லாத்தான் இழுக்குது. கீழ எங்க ஆளுக நிக்கறாங்க. அவங்க நகுந்தாத்தான் நாங்க தூக்குவோமுங்க."